கடலோர வேன் மைனஸ் 20-க்குப் போகுது: தண்ணி லைனை எப்படித் தயார் பண்றது?

ஏர்வாடி_வேன்:
டிசம்பர் கடைசியில சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ வழியா ஹிமாச்சல் ஸ்பிதியில இருக்கற காசா வரைக்கும் வண்டி போகுது. அங்க ராத்திரி மைனஸ் 20-க்குக் கீழயும் இறங்கும். நம்ம கரையில வேன் கட்டுறவங்க யாரும் உறைபனியை நெனச்சு பைப் போடுறதில்லை, அதான் கேக்குறேன்.

வண்டியில இருக்கறது: தரைக்கு அடியில 100 லிட்டர் ஸ்டீல் டேங்க், 12 வோல்ட் டயாப்ரம் பம்ப், 15 லிட்டர் கரண்ட் கீசர், அரை இஞ்ச் சிபிவிசி லைன் 11 மீட்டர் (இதுல 4 மீட்டர் சேசிஸுக்குக் கீழ), கிச்சன் சிங்க், வாஷ்பேசின், ஷவர், ஹெல்த் பாசெட், சிங்குக்கு அடியில சின்ன ஆர்ஓ. மீன் வண்டிக்குப் போடுற மாதிரி டேங்க சுத்தி பஃப் (குளிர் தடுக்கற நுரை) அடிச்சிட்டா போதுமா?

பாம்பன்_ஐஸ்பிளான்ட்:
பஃப் சூடு தராது தம்பி. உள்ள இருக்கற சூடு வெளிய போறதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மீன் பெட்டியில ஐஸ் கரையாம நிக்கறதும் அதே வேலைதான், திசை மட்டும் வேற.

டேங்க்ல ஆரம்பிக்கறதே தப்பான முனை. ஒரு கிலோ தண்ணி 0 டிகிரியில முழுசா ஐஸ் ஆகணும்னா 334 கிலோஜூல் சூட்டை விடணும். 100 லிட்டருக்குக் கணக்குப் போட்டா 9 யூனிட் கரண்டுக்கு மேல. டேங்க் விடாம 100 வாட் சூட்டை இழந்தாலும் முழுசா கட்டியாக ஏறக்குறைய நாலு நாள் ஆகும். அரை இஞ்ச் பைப்ல ஒரு மீட்டருக்கு 120 மில்லி தான் தண்ணி. மைனஸ் 15-ல, காத்தே இல்லாத இடத்துல, ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல அது ஐஸ். சேசிஸுக்குக் கீழ ஓடுற வண்டிக் காத்துல அதுக்கும் முன்னாடியே.

உறையும்போது தண்ணி சுமார் 9 சதவீதம் பெருக்கும். நம்ம பிளான்ட்ல கேனுக்கு வாய் திறந்து கிடக்கு, ஐஸ் மேல எழும்பிக்குது, கேன் வெடிக்கறதில்லை. பைப்ல அந்த வழி கிடையாது. ஒரு இடத்துல ஐஸ் அடைச்சதும் அதுக்கும் மூடியிருக்கற குழாய்க்கும் நடுவுல சிக்கின தண்ணியில அழுத்தம் ஏறும். பல நேரம் வெடிக்கறது ஐஸ் கட்டின இடமே இல்ல. அந்த சிக்கின தண்ணிப் பக்கத்துல எது பலவீனமோ அது. அதனால பயப்பட வேண்டியது சின்னச் சின்ன இடங்களுக்கு: பம்ப் தலை, ஃபில்டர் கப், டேப், வால்வு, டேங்க் அடியில இருக்கற நிப்பிள்.

தொண்டி_பைபர்:
ஒரு சந்தேகம் அண்ணே. நம்ம ஊரு போர் தண்ணி உப்பு. அதை ஊத்திக்கிட்டுப் போனா உறையறது தள்ளிப்போகுமா? இல்லேன்னா டேங்க்லயே ரெண்டு கிலோ உப்பைப் போட்டுட்டா?

வாலிநோக்கம்_லேப்:
போகாது. கடல் தண்ணீரே மைனஸ் 1.9-இல் உறைந்துவிடும், அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. 3,000 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம்தான். அது உறைநிலையைச் சுமார் 0.2 டிகிரி மட்டும் இறக்கும். இரண்டு கிலோ உப்பை 100 லிட்டரில் போட்டால் மைனஸ் 1.2 அல்லது 1.3. சாதாரண உப்பை வைத்து அதிகபட்சம் போகக்கூடியது மைனஸ் 21. அதற்கு எடையில் 23 சதவீதம் உப்பு வேண்டும். அந்தக் கரைசல் பித்தளை, ஸ்டீல் வெல்டிங், கீசர் எலிமென்ட் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

உப்புத் தண்ணீரால் வேறொரு தொல்லை உண்டு, அதைக் கவனியுங்கள். டிரெயின் வால்விலும் நான்-ரிட்டர்ன் வால்விலும் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) சுண்ணாம்பு படிந்திருந்தால் அவை முழுதாகத் திறக்காது, முழுதாக மூடாது. தண்ணீர் வடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே நிற்கும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் ஓட்டுங்கள்: லிட்டருக்கு 20 கிராம், லைனில் நிரப்பி இரண்டு மணி நேரம், பிறகு காவிரி லைன் தண்ணீரோ கேன் தண்ணீரோ விட்டு நன்றாக அலசுங்கள். அதற்கு முன் ஆர்ஓவைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

கீழக்கரை_காக்கா:
அல்ஹம்துலில்லாஹ், கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கீங்க தம்பி. வரிசையா சொல்றேன்.

இந்த வேலையை ஏர்வாடியில முடிச்சிட்டுக் கிளம்பக் கூடாது. சண்டிகர் வரைக்கும் உங்களுக்குத் தண்ணி வேணுமே. இங்க ஒத்திகை பாத்துக்கங்க, உண்மையான வேலையை சண்டிகர் பக்கம் சமவெளியில வெச்சுக்கங்க. சிம்லா தாண்டி நார்கண்டா ஏறும்போதே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போயிரும்.

மொதல்ல கீசர். சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் புடுங்கி, சுவிட்ச் மேல டேப் ஒட்டிருங்க. காலி கீசர்ல யாராவது கைபட்டுப் போட்டா எலிமென்ட் எரிஞ்சு போகும். தண்ணி ஆறின பிறகு பச்சத்தண்ணி இன்லெட்டைக் கழட்டுங்க. செங்குத்துக் கீசர்னா இன்லெட் அடியில, அது வழியாவே காலியாகும். ஆனா ரெண்டு நிபந்தனை: இன்லெட்ல இருக்கற நான்-ரிட்டர்ன் வால்வைக் கழட்டணும், சுடுதண்ணிப் பக்கத்துக் குழாய் ஒண்ணைத் திறந்து காத்து உள்ள போக விடணும். இதுல ஒண்ணு விட்டாலும் அஞ்சாறு லிட்டர் உள்ளயே நிக்கும்.

அடுத்தது டேங்க். டிரெயினைத் திறந்து, வண்டியை டிரெயின் பக்கம் சாயுற மாதிரி எதிர்ப்பக்க ரெண்டு சக்கரத்தையும் ரெண்டு இஞ்ச் பலகையில ஏத்துங்க. நம்ம கரை முழுக்கத் தட்டையா கிடக்கறதால சரிவைத் தேடி அலைய வேணாம், பலகை போதும். டேங்க் சொட்டு நின்ன பிறகு பம்பை 20, 30 செகண்ட் வெறுமனே ஓட விடுங்க. டயாப்ரம் பம்ப் அந்த நேரம் காஞ்சு ஓடினா கெட்டுப் போகாது. பம்புக்கு முன்னாடி இருக்கற ஜாலி கப்பைக் கழட்டிக் கவுத்துருங்க. அந்த பிளாஸ்டிக் கப் தான் நூத்துக்கு எண்பது வண்டியில மொதல்ல கீறும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அப்புறம் காத்து. முக்கால் இஞ்ச் பித்தளை எண்ட் கேப்ல 11.5 மில்லிமீட்டர் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வை மாட்டுங்க, ரெட்யூசர் போட்டு பம்ப் அவுட்லெட் பக்கம் லைன்ல கோக்கலாம். அழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல போகக் கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரெஸர் நூறைத் தாண்டி நிக்கும், ரெகுலேட்டர் இல்லாம நேரா குடுத்தா சிபிவிசி ஜாயின்ட் பிச்சுக்கும். ஒரு குழாயைத் திறந்து ஒரு நிமிசம் ஊதுங்க, மூடுங்க, அடுத்தது. பச்சத்தண்ணி, சுடுதண்ணி ரெண்டும் தனித்தனியா. முடிஞ்சதும் முதல் குழாய்க்குத் திரும்ப வாங்க. ரெண்டாவது சுத்துல தான் பள்ளத்துல கிடந்தது வரும்.

எல்லாரும் விடுற மூணு இடம் இருக்கு. ஒண்ணு, ஹெல்த் பாசெட். ஆங்கிள் காக்கை மூடிட்டா ஹோஸ் முழுக்கத் தண்ணி அடைஞ்சு நிக்கும். காக் திறந்த நிலையில டிரிக்கரை அழுத்தி ஊதி, கழட்டித் தொங்க விடுங்க. ரெண்டு, பால் வால்வு. திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி, உருண்டைக்கும் பாடிக்கும் நடுவுல தண்ணி நிக்கும். ஊதும்போது கைப்பிடியை 45 டிகிரியில வெச்சு ஊதி, அப்படியே பாதித் திறப்புல விட்டுருங்க. மூணு, ஷவர் மிக்ஸர். லீவரை நடுவுல வெச்சுத் திறந்து விடணும், இல்லேன்னா கார்ட்ரிட்ஜ் உள்ள தண்ணி.

கடைசியா கிளைக்கால், அதாவது தண்ணி உறையாம தடுக்கற திரவம். 4 லிட்டர் புரொப்பிலீன் கிளைக்கால், 4 லிட்டர் தண்ணி, கொஞ்சம் கேசரி கலர். பம்ப் உறிஞ்சு குழாயைக் கேன்ல விட்டு, பக்கத்துக் குழாய்ல இருந்து தூரத்துக் குழாய் வரைக்கும் கலர் வர்ற வரை ஓட்டுங்க. சிங்க், பேசின், ஷவர் ஒவ்வொண்ணோட டிராப்லயும் (அடியில தண்ணி தேங்கி நிக்கற வளைவு) 300 மில்லி ஊத்துங்க.

பாம்பன்_ஐஸ்பிளான்ட்:
காக்கா, கடைசிப் பத்தியில நான் மாறுபடுறேன். ஒழுங்கா வடிச்சு ஊதின லைனுக்குள்ள கிளைக்கால் எதுக்கு? பைப் காலியா இருந்தா உறைய ஒண்ணும் இல்ல. ஒரு ஓரத்துல 20 மில்லி தேங்கினாலும் அதுக்குப் பெருக்க இடம் இருக்கு. காசாவுல பத்து நாள் வண்டியை உலர்வா ஓட்டறதே நல்லது. 20 லிட்டர் கேன் ரெண்டு உள்ள வெச்சுக்கிட்டு, சிங்குக்கு அடியில ஒரு வாளி. முடிஞ்சது.

கீழக்கரை_காக்கா:
நீங்க சொல்றது நேரா சரிவா போட்ட லைனுக்கு. நம்ம வேன்ல பைப் சேசிஸ் சட்டத்தை ஏறி இறங்கிப் போகுது. ரெண்டு கிளாம்ப்புக்கு நடுவுல தொங்குற இடம் எல்லாம் தொட்டி. காத்து மேல் பாதியில வழி பண்ணிக்கிட்டுப் போயிரும், கீழ் பாதித் தண்ணி அப்படியே கிடக்கும். மலை ரோட்டுல வண்டி ஏறும்போது அது எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிச் சேந்து அந்த இடத்தை முழுசா அடைக்கும். அதுக்குத்தான் கிளைக்கால். பம்புக்குள்ளயும் அறை அறையா இருக்கு, ஊதி முழுசா காலி பண்ண முடியாது.

வாலிநோக்கம்_லேப்:
இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அவர் வண்டியில் இருப்பது சிபிவிசி. புரொப்பிலீன் கிளைக்கால் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிபிவிசிக்கு ஆகாது. இழுவை இருக்கும் வளைவுகளிலும் ஜாயின்டுகளிலும் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். 25 சதவீதமோ மைனஸ் 10-ஐக்கூடத் தாண்டாது, காசாவுக்குப் பயனில்லை. போதாக்குறைக்கு, சிபிவிசி குளிரில் நொறுங்கும் தன்மை உள்ளது. காலியாக இருந்தாலும் கல் தெறித்தால் சேசிஸுக்குக் கீழே உடையும்.

பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாய்க்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதில் கிளைக்கால் கலவை (கன அளவில்): 30 சதவீதம் மைனஸ் 13 வரை, 40 சதவீதம் மைனஸ் 21 வரை, 50 சதவீதம் மைனஸ் 33 வரை. காக்கா சொன்ன பாதிக்குப் பாதி சரியான அளவு. ஆனால் லைனில் இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சமிருந்தால் அந்த 50 சதவீதம் 40 ஆகிவிடும். அதனால்தான் ஊதுவது முதலில், கிளைக்கால் பிறகு. கடைசிக் குழாயில் வருவதை ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அளவைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அதில் எத்திலீனுக்கும் புரொப்பிலீனுக்கும் தனித்தனி அளவுகோல் இருக்கும், சரியானதைப் படிக்க வேண்டும்.

வாங்கும்போது மிகக் கவனம் தேவை. தொழிற்சாலைத் தரம் வேண்டாம். ஐபி அல்லது யுஎஸ்பி தரம் (மருந்துகளுக்கான தரம்), மூடி உடைக்காத கேன், அந்த பேட்சுக்கான பரிசோதனைச் சான்றிதழ், மூன்றும் வேண்டும். 2022-இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்த விவகாரத்தில் இருமல் மருந்துகளில் கண்டறியப்பட்டவை டை எத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும். புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பெயரில் வரும் சரக்கில் இவை கலந்திருக்கும் ஆபத்து உண்மையானது. பார்வைக்கு, வாசனைக்கு வித்தியாசம் தெரியாது. ரேடியேட்டர் கூலன்டைக் குடிதண்ணீர் லைனில் ஒரு சொட்டும் விடக் கூடாது, அது எத்திலீன் கிளைக்கால், விஷம். ஐஸ் பிளான்ட்களில், சில்லர்களில் பயன்படுத்தும் கிளைக்காலும் வேண்டாம்.

பாம்பன்_ஐஸ்பிளான்ட்:
சிபிவிசி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா, நல்லாச் சொன்னீங்க. அப்போ தம்பிக்கு முடிவு இப்படி வெச்சுக்கலாமா: லைனுக்குக் காத்து மட்டும், பம்புக்கும் டிராப்புக்கும் கிளைக்கால்?

கீழக்கரை_காக்கா:
ஒத்துக்கிறேன், ஒரு திருத்தத்தோட. சேசிஸுக்குக் கீழ இருக்கற 4 மீட்டரை வெட்டி எடுத்துருங்க. 16 மில்லிமீட்டர் பெக்ஸ் வாங்கி, தரைக்கு மேல, சீட்டுப் பெட்டிக்குள்ள கொண்டு போங்க. அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப், டிரெயினைப் பாத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. அதுக்கு இங்க ஒரு நாள் வேலை தான். மிச்ச 7 மீட்டர் கேபினுக்குள்ள தானே, அது சிபிவிசியாவே இருக்கட்டும், காத்து மட்டும் போதும்.

பம்புக்கு: அவுட்லெட்டைக் கழட்டி ஒரு ஹோஸை மாட்டி, உறிஞ்சு குழாயை ஒரு லிட்டர் கலவைக்குள்ள விட்டு ஓட்டுங்க. மறுமுனையில கலர் வந்ததும் நிறுத்துங்க. கிளைக்கால் சிபிவிசி பக்கமே போகாது.

ஆர்ஓவை வண்டியிலயே வெச்சுக்காதீங்க. மெம்பிரேன் ஒரு தடவை உறைஞ்சா கிழிஞ்சு போகும், வெளிய பாத்தா தெரியாது, டிடிஎஸ் மீட்டர் தான் சொல்லும். கழட்டி வீட்டுலயே விட்டுட்டு, ரெண்டு முனைக்கும் பிளக் போடுங்க.

மண்டபம்_டீசல்:
கேபின் தண்ணியைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, எஞ்சின் தண்ணியை யாரும் கேக்கல. நம்ம பக்கம் ரேடியேட்டர் குறைஞ்சா பாட்டில் தண்ணி ஊத்துற பழக்கம் எல்லா டிரைவருக்கும் இருக்கு. ரெண்டு வருசத்துல கூலன்ட் பாதிக்குப் பாதின்னு இருந்தது பத்து சதவீதம் கூட இருக்காது. குழாய் வெடிச்சா ஆயிரம் ரூபா. பிளாக் வெடிச்சா எஞ்சின்.

கிளம்பற மாசத்துலயே சிஸ்டத்தை முழுசா வடிச்சு, டிஸ்டில்டு தண்ணியில 50:50 கலந்து புதுசா போடுங்க. எத்திலீன் கிளைக்கால் 50 சதவீதம்னா மைனஸ் 37 வரை தாங்கும். அதே ரிஃப்ராக்டோமீட்டர் இதுக்கும் ஆகும். கான்சென்ட்ரேட்டை நேரா ஊத்தினா இன்னும் நல்லதுன்னு சிலர் நினைக்கறாங்க. தண்ணி கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-லயே கட்டியாகும்.

வைப்பர் தண்ணி டப்பாவையும் காலி பண்ணுங்க, அதுல இருக்கற குட்டி மோட்டார் உடையும். பிஎஸ்-6 வண்டின்னா டிஇஎஃப் (புகையைச் சுத்தம் பண்ற திரவம்) டேங்க்: அந்த யூரியா கரைசல் மைனஸ் 11-ல உறையும், அதைத் தாங்கற மாதிரிதான் டேங்கைச் செஞ்சிருக்கான், விளிம்பு வரைக்கும் நிரப்பாம இருந்தா போதும். கேபின்ல டீசல் ஹீட்டர் இருந்தா அதுக்கும் சேத்துச் சொல்றேன்: சமவெளியில அடிச்ச டீசல் அந்தக் குளிர்ல மெழுகு கட்டும். மலை ஏறும்போது டேங்க் கால்வாசிக்குக் குறைவா இருக்கட்டும், ரெக்காங் பியோ பக்கம் குளிர்காலச் சரக்கு அடிங்க. லடாக்குக்கு 2019-லயே இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஓடற டீசல் விட்டிருக்கு, ஸ்பிதியில அதே தான் வருதான்னு டீசல் பங்க்ல கேட்டுக்கங்க.

தொண்டி_பைபர்:
ஊட்டி, கொடைக்கானல் போறவங்களுக்கும் இதெல்லாம் வேணுமா?

கீழக்கரை_காக்கா:
வேணாம் தம்பி. ஊட்டியில தலைக்குந்தா பக்கம் ஜனவரியில புல்லு மேல வெள்ளையா படியும், பூஜ்யத்தை ஒட்டி விடியக்காலை மூணு நாலு மணி நேரம் தான். வண்டிக்கு அடியில இருக்கற பைப் உறையற அளவுக்கு அது பத்தாது. வெளிய மாட்டுற ஹோஸை ராத்திரி கழட்டி உதறி உள்ள வெச்சுக்கங்க, போதும்.

ஏர்வாடி_வேன்:
பெக்ஸ் மாத்தியாச்சு. ஒத்திகையும் முடிஞ்சது. கீசரைத் தனியா காலி பண்ணி, இன்லெட்டுக்கும் அவுட்லெட்டுக்கும் தொப்பி போட்டுட்டு, லைனை மட்டும் அளந்தேன். வறண்ட லைன்ல அளந்து ஊத்தி நிரப்பினதுல 2.6 லிட்டர் பிடிச்சது (பம்ப், ஜாலி கப், ஹோஸ் எல்லாம் சேத்து). வடிச்சு, ரெண்டு சுத்து ஊதின பிறகு வாளியில வந்தது 2.1. அரை லிட்டர் எங்க நிக்குது?

பாம்பன்_ஐஸ்பிளான்ட்:
அளந்து பாத்தது அருமையான வேலை. 11 மீட்டர்ல மொத்தமே 1.3 லிட்டர் தான், அதனால அரை லிட்டர் பைப்ல மட்டும் இருக்க வழியில்ல. ஊதும்போது ஈரமா, புகை மாதிரிப் பறந்து போனது ஒரு 100 மில்லி இருக்கும். மீதியைத் தேடுங்க. கீசர் இருந்த இடத்துல பைப் ரெண்டும் மேல இருந்து இறங்கி அடியில வளைஞ்சு வருதா? தொப்பி போட்டதால அங்க காத்து ஓட்டம் கிடையாது, ஊதினாலும் நகராது.

கீழக்கரை_காக்கா:
ஆமா, அதான். அந்த ரெண்டு முனையையும் ஒரு துண்டு ஹோஸ் போட்டு ஒண்ணோட ஒண்ணு இணைச்சிட்டு மறுபடி ஊதுங்க, காத்து பச்சத்தண்ணியில நுழைஞ்சு சுடுதண்ணியில வரும். நிரந்தரமா வேணும்னா மூணு பால் வால்வு போட்டு பைபாஸ் கட்டிருங்க. இன்னொரு இடம் ஷவர் ஹோஸ். ஒன்றரை மீட்டர் ஹோஸ் சுருண்டு கிடந்தா அதுலயே 100 மில்லி. தலையைக் கழட்டி நேராத் தொங்க விடுங்க.

ஏர்வாடி_வேன்:
கீசர் முனை தான். ஹோஸ் போட்டு ஊதினதும் 320 மில்லி வந்துச்சு. பைபாஸ் கட்டிடறேன். ராத்திரி உள்ள வெக்கிற கேன் உறையுமா? திரும்பி வந்த பிறகு லைனை எப்படிக் கழுவணும்?

பாம்பன்_ஐஸ்பிளான்ட்:
கேனை முக்காலுக்கு மேல நிரப்பாதீங்க, தரையில வெக்காம படுக்கை உயரத்துல வைங்க, மூடியை இறுக்காதீங்க. கேபின் ஒரு ராத்திரி மைனஸுக்குப் போனாலும் ஓரத்துல ஐஸ் படியும், நடுவுல தண்ணி இருக்கும். காலையில டீக்கு மட்டும் ஒரு பாத்திரம் தண்ணியை ஸ்டவ் மேலயே வெச்சுட்டுப் படுங்க. கேன் வாய் அடைச்சாலும் அதை நேராச் சூடாக்கிக்கலாம்.

வாலிநோக்கம்_லேப்:
திரும்பியதும் பம்பையும் டிராப்பையும் வெறும் தண்ணீரால் அலசுங்கள், கலர் முழுதாகப் போகட்டும். பிறகு டேங்கில் 100 லிட்டருக்கு 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 125 மில்லி. இது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் நிற்கட்டும். வடித்து இரண்டு முறை நல்ல தண்ணீர் நிரப்பி அலசுங்கள். ஆர்ஓவை அதற்குப் பிறகுதான் மாட்ட வேண்டும், குளோரின் மெம்பிரேனைக் கெடுக்கும். கீசர் நிரம்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் ஒழுங்காக வருவதைப் பார்த்த பிறகு சுவிட்ச் மேல் ஒட்டிய டேப்பை எடுங்கள்.